எய்சோ தூங்குவதற்கு நான்கு டயர்கள்

2009 நவம்பர் 28 — 31,600 யென்
2013 ஏப்ரல் 6 — 27,200 யென்
2013 நவம்பர் 30 — 34,800 யென்
2017 நவம்பர் 18 — 43,200 யென்

கபசவா தொகிகோ தன் சிறிய வெள்ளைக் காருக்கு டயர் வாங்கிய நாட்கள் இவை. முதல் மூன்று முறையும் ஊரார் வாங்குவது போலவே வாங்கினாள், பனிக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று. நான்காவது முறை மட்டும் அவளுக்கு ஐந்து வாரம் பிடித்தது. தம்பி எய்சோ தூங்கக்கூடிய டயர் எது என்று அந்த ஐந்து வாரமும் தேடினாள்.

தொகிகோவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எய்சோ அவளைவிட நான்கு வயது இளையவன். கமிசவா மலையூரில் குளம் வெட்டி வண்ணக் கெண்டை வளர்த்தவன். 2015இல் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்று முதல் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அக்காள் அவனை நாகவோகா நகரத்து மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கூட்டி வருவாள். வழி பத்தொன்பது கிலோமீட்டர் நானூறு மீட்டர். நாற்பத்தொரு நிமிடம்.

அந்த நாற்பத்தொரு நிமிடம்தான் எய்சோவின் இரவு. வீட்டில் படுத்தால் கால்களுக்குள் எறும்புச் சாரை ஊர்வது போலிருக்கும். எழுந்து நடப்பான், உட்காருவான், மறுபடி நடப்பான், விடிந்துவிடும். சிகிச்சை முடிந்து காரின் பின்னிருக்கையில் சாய்ந்தால் மட்டும், மூன்றாவது போக்குவரத்து விளக்கு வருமுன் தலை தொங்கிவிடும். மழை நாளாக இருந்தால் இரண்டாவது விளக்கே போதும். தொகிகோ அப்போது தளும்பத் தளும்ப நிரம்பிய கிண்ணத்தை மடியில் வைத்திருப்பவள் போல ஓட்டுவாள். வயல்கள் நகரும், ஷினானோ ஆறு நகரும், பின்னால் தம்பியின் மூச்சு வந்து வந்து போகும். தனக்கும் அது பாதித் தூக்கம்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

டிசம்பரில் பனி டயர் மாட்டியதும் இது கெட்டது. நகரத்துச் சாலைகளில் பனிக்காலம் முழுக்க நடுக்கோட்டுக் குழாயிலிருந்து நிலத்தடி நீர் சிறுசிறு ஊற்றாகப் பீச்சிக்கொண்டிருக்கும். விழுகிற பனி விழுந்த இடத்திலேயே கரைந்துவிடும். இரும்புத் துரு ஏறி ஏறிச் சாலையே செம்பு நிறம். அந்த ஈரத்தில் பனி டயரின் ஆழமான வெட்டுகள் ஓயாமல் உறுமும்.

"நீ பாட்டுக்குத் தூங்குடா. நான் மெதுவா ஓட்டறேன்" என்பாள்.

"மெதுவா ஓட்டினா என்ன, அதே சத்தத்த இன்னும் ரொம்ப நேரம் கேக்கணும். என் தலைக்குள்ள அரிசி மில்லு ஓடுதுக்கா."

2017 பிப்ரவரியில் எய்சோ இரண்டு நாள் மருத்துவமனைக்கு வர மறுத்தான். மார்ச்சில் ஒரு நாள். தொடர்ந்து ஒரு வாரம் விட்டால் ஆள் தேறுவது கடினம் என்று மருத்துவர் தொகிகோவைத் தனியே அழைத்துச் சொன்னார். கோடை டயர் மாட்டியதும் தூக்கம் திரும்பியது, அவனும் ஒழுங்காக வந்தான். ஆனால் அக்டோபரில், தூரத்து மலை முதல் தடவை வெளுத்த அன்று, சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"மலை மூணு தடவ வெளுத்தா பனி ஊருக்குள்ள வந்துரும். நீ பனி டயர் மாட்டுற அன்னிக்கு நான் நிறுத்திக்கறேன். கோவத்துல சொல்லலக்கா. இன்னொரு பனிக்காலம் முழிச்சிட்டே கெடக்க என்னால ஆகாது."

தொகிகோ ஊறுகாய்த் தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

மறுநாளே தேடத் தொடங்கினாள். மூன்று கடைகளில் சிரித்து அனுப்பினார்கள். நான்காவது, ஆற்றங்கரைச் சாலையில் குவபாராவின் கடை. ஐம்பத்தொன்பது வயது, பெருத்த உடம்பு, மூக்கால் பாடிக்கொண்டே நட்டு முடுக்குவார்.

"சத்தம் போடாத பனி டயரா? கொரைக்காத நாய் கேக்கறீங்கக்கா."

"கொரைக்காத நாயும் உண்டு. உங்ககிட்ட இல்லன்னு சொல்லுங்க."

குவபாரா சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர். வெட்டுகள் மெல்லியவை. ஒவ்வொன்றும் வேறு வேறு அகலம். ஒரே அளவாக இருந்தால் ஒரே ஓசையாகச் சேர்ந்து உறுமும், கலந்திருந்தால் ஓசை சிதறிப்போகும் என்று விரலால் தடவிக் காட்டினார். தன் கடை வண்டியில் அதைத்தான் மாட்டியிருந்தார்.

"வர்ற சனிக்கெழம ஓட்டிப் பாருங்க."

"ஓட்டிப் பாத்து என்ன செய்ய? நான் பின்னாடி படுத்துப் பாக்கணும்."

நவம்பர் 11, சனிக்கிழமை, மழை. எய்சோவின் கோதுமை உமித் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "தலகாணியோட டயர் வாங்க வந்த ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று குவபாரா கதவைத் திறந்துவிட்டார். அவள் பின்னிருக்கையில் தம்பி சாய்வது போலவே சாய்ந்து, கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டாள். முதல் விளக்கில் கண்ணாடித் துடைப்பானின் ஓசை கேட்டது. இரண்டாவதில் தண்ணீரைக் கிழித்துப் போகும் நீண்ட பட்டுத்துணி ஓசை. மூன்றாவது விளக்கு வந்ததா இல்லையா, அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது எதிரே சாம்பல் நிறத்தில் ஒன்று முடிவில்லாமல் கிடந்தது. வானம் என்று நினைத்தாள். அது அசைந்தது. கடல்.

முன்னிருக்கையில் குவபாரா சுட்ட கணவாய்க் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். அவளிடம் ஒன்றை நீட்டினார்.

"எழுப்ப மனசு வரலக்கா. நேரா போயிட்டே இருந்தேன், தெரதொமாரி வந்திருச்சு. இதுக்கு மேல ரோடு இல்ல."

தொகிகோவுக்குச் சிரிப்பு வந்தது. மீன் கடைக்காரர்கள் மழையில் விலை கூவுவது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. "நாலு குடுங்க" என்றாள். குவபாரா கணவாய் என்று நினைத்து வாங்கிவர எழுந்தார். "டயரச் சொன்னேன்" என்றாள்.

குவபாரா மறுபடி உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்லிடறேன். இது மழையில நிக்கும், பனியில நிக்கும். கண்ணாடியா ஒறஞ்ச எடத்துல நிக்காது. டவுனுக்குள்ள பயமில்ல, தண்ணி ஓடிட்டே இருக்கு. உங்க மேட்டுல குழாய் கெடையாது. அந்த மூணு கிலோமீட்டர் என்ன செய்வீங்க?"

"முப்பத்தஞ்சு வருஷமா ஏறுற மேடு. ஐஸ் எங்க இருக்குன்னு என் காதுக்குத் தெரியும்."

அந்தப் பதில் குவபாராவுக்கும் சரியாகவே பட்டது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் காதால்தான் ஓட்டுவார்கள். பனி டயர் உறுமிக்கொண்டே வரும். உறுமல் சட்டென்று நின்றால் கீழே உறைந்த தரை என்று பொருள். காலை எடு, பிரேக்கைத் தொடாதே. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். உறுமாத டயரில் அந்த அடையாளம் என்ன ஆகும் என்று இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை டயர்கள் மாட்டப்பட்டன.

டிசம்பர் முழுவதும் எய்சோ தூங்கினான். செம்புச் சாலையில் ஊற்றுகள் இரண்டு பக்கமும் வளைந்து விழ, அவற்றின் நடுவே கார் ஓடை மீன் போல வழுக்கிப் போனது. பனி கண்ணாடிக்கு அருகே வந்து கரைந்தது. ஒரு நாளும் அவன் சிகிச்சையைத் தவறவிடவில்லை. "டயர் மாட்டியாச்சான்னே தெரியலக்கா" என்றான் ஒருமுறை. அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

2018 ஜனவரி 26, வெள்ளி. பகலிலும் குளிர் இறங்கவில்லை. கடைசிப் பேருந்து நிறுத்தத்தோடு குழாய் முடிகிறது. வண்டிகள் சக்கரத்தில் வாரிக்கொண்டு போகும் நீர் அதற்கு மேல் நூறு மீட்டர் வரை சிந்தி உறைந்திருந்தது. தொகிகோ காதைத் திறந்துதான் வைத்திருந்தாள். ஆனால் சட்டென்று நிற்பதற்கு அங்கே உறுமலே இல்லை. எய்சோவின் மூச்சு மட்டும் சீராக வந்தது. வளைவில் பைன் மரங்கள் இடப்பக்கமாக மெல்ல நடக்கத் தொடங்கின. மரங்கள் ஏன் நடக்கின்றன என்று நினைத்தாள். அதற்குள் கார் ஒரு அரைவட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கி, பனிச்சுவரில் முதுகைப் பதித்து நின்றது. ஸ்டியரிங் திருகியதில் அவளுடைய வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது.

"வந்துட்டோமா?" என்றான் எய்சோ, கண்ணைத் திறக்காமல்.

"இல்லடா. கொஞ்சம் நிக்கறோம்."

ஐந்து வாரம் கட்டு. அவளால் ஓட்ட முடியாது. எய்சோ சொன்னபடி நிறுத்திக்கொள்வானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குவபாரா மலையேறி வந்தார். காலணியைக் கழற்றுமுன்பே வாசலில் குனிந்து, "நான் யோசிச்சிருக்கணும். தொழில் எனக்குத்தான தெரியும்" என்றார்.

"காது என்னோடது" என்றாள் தொகிகோ. "உள்ள வாங்க, டீ ஆறுது."

மலையூர்க்காரர்கள் பனிக்காலத்துக்குக் கீழே நகரத்தில் அறை எடுத்துக்கொள்வது உண்டு. மருத்துவமனைக்குப் பின்புறம் அப்படி ஓர் அறை காலியாக இருப்பதாகக் குவபாரா சொன்னார். நடந்தால் ஆறு நிமிடம்.

"ஆறு நிமிஷத்துல எங்க தூங்கறது?" என்றான் எய்சோ.

"அதுக்குத்தான் வந்தேன். என் கடை வண்டியோட டயர் தேஞ்சு போச்சு. அக்காவோட நாலையும் கழட்டி அதுல மாட்டறேன், இந்தக் காருக்குப் பழைய பனி டயரே இருக்கட்டும். மத்தியானத்துக்கு மேல எனக்கு வேல கெடையாது, ஊர்ல எல்லாரும் டிசம்பர்லயே டயர் மாத்தியாச்சு. உங்களப் பின்னாடி படுக்க வெச்சு டவுனச் சுத்தி வர்றேன். தண்ணி ஓடற ரோட்ட விட்டு எறங்க மாட்டேன்."

"வண்டி வாடகை?" என்றான் எய்சோ.

"ஓட்டறதுக்கு வேணாம். பாடாம ஓட்டறதுக்குத்தான் காசு."

எய்சோ போனான். தொகிகோ மலையில் தனியே இருந்தாள். பனி சன்னலின் பாதிக்கு ஏறி, வீட்டுக்குள் நீல வெளிச்சம் நிரம்பியது. திங்கள், புதன், வெள்ளி மதியம் ஒன்றரைக்கு அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். இப்போது பாலம், இப்போது மூன்றாவது விளக்கு என்று தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி மனத்தில் ஓட்டுவாள். ஓட்டிக்கொண்டே சில நாள் தூங்கிப்போவாள்.

எய்சோ தொலைபேசியில் பேசுகிற ஆள் இல்லை. சிகிச்சை நாற்காலியில் இடது கையில் ஊசி இருந்தாலும் வலது கை சும்மாதான் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எழுதினான். கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

முதலாவது: "மூன்று நாளும் போனேன். அதிகபட்சம் பன்னிரண்டு நிமிடம் தூங்கினேன். பாடுகிறார்."

இரண்டாவது: "புதன் போகவில்லை. குவபாரா வாசலில் வண்டியோடு அரை மணி நேரம் நின்றார். கூப்பிடவும் இல்லை, போகவும் இல்லை. வெட்கமாக இருந்ததால் வெள்ளி வந்துவிட்டேன்." அன்று தொகிகோ சாப்பிடவில்லை. கட்டுப் போட்ட கையோடு பனியில் இறங்கி, பேருந்து நிறுத்தம் வரை நடந்து, பேருந்து இல்லாமல் திரும்பி வந்தாள்.

மூன்றாவது: "மூன்று நாளும். இருபத்தாறு நிமிடம். ஆற்றோரமாகப் போகச் சொன்னேன்."

அதற்கு அடுத்ததோடு அவன் எழுதுவது நின்றது. கட்டைப் பிரித்ததும் தொகிகோவே கீழே போய் அவனுடன் தங்கிவிட்டாள். அந்தக் கடைசிக் கடிதம் இது:

"அக்கா, மூன்று நாளும் போனேன். எத்தனை நிமிடம் தூங்கினேன் என்று தெரியவில்லை. புதனன்று கண் விழித்தபோது வண்டி கடைக்குள் நின்றது, என் மேல் கம்பளி இருந்தது, மணி நாலரை. வெளியே மழை. அடுத்த பனிக்காலத்துக்கும் இந்த அறையையே சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு."

அது வந்து சேர்ந்த நாள் 2018 பிப்ரவரி 24, சனிக்கிழமை.