கும்மிடிப்பூண்டி அவுட்டரில் ஒரு பச்சை விளக்கு

போன மாதம் விஜயவாடாவிலிருந்து திரும்பும்போது, கும்மிடிப்பூண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் நின்றுவிட்டது. ஸ்டேஷன் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் வேலிக்காத்தான் முள், இன்னொரு பக்கம் யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன வீட்டுமனைக் கற்கள். முன்னால் சிவப்பு விளக்கு. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. ஏசி பெட்டியில் எல்லாரும் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த கல்லூரிப் பெண், "இன்னா அங்கிள், அவசரமா போணுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னாம்மா அவசரம்? ஊட்டுக்குப் போய்த் தூங்கணும், அவ்ளோதான்" என்றேன். உண்மைதான். அன்றைக்கு எனக்கு ஓர் அவசரமும் இல்லை. அதனால்தான் அந்தப் பாழாய்ப்போன சிவப்பு அவ்வளவு நேரம் எரிந்தது. உயிர் போகிற அவசரத்தில் அதே இடத்தில் வாசற்படியில் நின்ற ஒரு மனிதருக்கு அது எரியவே இல்லை.

சொல்கிறேன். சொன்னால் ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். கருகின மண் வாடை எப்போதும் சட்டையில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார். அந்த வாடைக்கும் எனக்கும் உண்மையில் சம்பந்தமே இல்லை. நான் உலை பக்கம் போனவனில்லை. ஆபீஸில் உட்கார்ந்து, வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுகிறவன். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்று மேஜையில் எந்நேரமும் இருக்கும், நடுப்பக்கங்களில் சாம்பார்க் கறையோடு. எனக்கு 'டைம்டேபிளு' என்றே பெயர். எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிச் சொன்ன நான் அதுவரை திருப்பதியைத் தாண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கம்பெனியில் மனிதர்கள் மூன்று ஜாதி. பறக்கிற ஜாதி, படுத்துப் போகிற ஜாதி, உட்கார்ந்தே போகிற ஜாதி. மேனேஜர்கள் விமானத்தில் பறப்பார்கள். ஃபிட்டர், சூப்பர்வைசர் எல்லாம் ரயிலில் ஸ்லீப்பரில் படுத்துக்கொண்டு போவார்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள் ராத்திரி முழுக்க பஸ்ஸில், மேலே தொங்குகிற டிவியில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டே இருக்க, கழுத்துச் சுளுக்கோடு வந்து இறங்குவார்கள். பயணப் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும். நான் டிக் அடிப்பேன், பிளான்ட் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். அந்தச் சமயம்தான் மலிவு விலை விமானங்கள் வந்திருந்தன. யாரும் பறக்கலாம் என்று பேப்பரில் பக்கம் பக்கமாய் விளம்பரம். யாரும் என்றால் யாரும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வடக்கிலிருந்து வருகிற எக்ஸ்பிரஸ் எதுவும் கும்மிடிப்பூண்டியில் நிற்காது. கம்பெனி புகைபோக்கியை ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டே சென்ட்ரல் வரைக்கும் போய், லோக்கல் பிடித்து அதே தண்டவாளத்தில் திரும்பி வர வேண்டும். யாருக்குப் பொறுக்கும்? ஆனால் லோக்கல் வண்டிக்கு வழிவிட எக்ஸ்பிரஸைப் பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் நிறுத்திவைப்பார்கள். முந்தின ஸ்டேஷன் எளாவூர் தாண்டியதும் நம் ஆட்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிடுவார்கள். ஜல்லியில் செருப்பு வழுக்கும். வண்டி நின்றதும் குதித்து, தண்டவாள ஓரமாய் நடந்து ஸ்டேஷனுக்கு வந்து டீ குடிப்பார்கள். சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. எல்லாரும் செய்தார்கள்.

கரீம் பாயும் அப்படி எத்தனையோ தரம் இறங்கியவர்தான். உலை ஃபிட்டர். பழவேற்காடு. அண்ணன் தம்பியெல்லாம் கடை வியாபாரம் என்று இருக்க, இவர் மட்டும் இரும்புக்கு வந்தவர். மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் எறாத்தொக்கு வாசனை ஆபீஸ் வரைக்கும் வரும். நான் ஏதோ பேப்பர் கொடுக்கப் போகிறவன்போல் அந்தப் பக்கம் போவேன். "வா தம்பி, உன் பேப்பர் இன்னிக்கும் கரெக்டா சோத்து நேரத்துக்கு வந்துகீது பாரு" என்று மூடியில் வைத்துக் கொடுப்பார். இன்றைக்கும் எங்காவது எறா வதங்குகிற வாசனை வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறாது. வயிறு எரியும்.

மூன்று பையன்களுக்குப் பிறகு அவருக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நிக்காஹ். பாய் ஒரு மாதம் முன்னாலேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்குக் கட்டிக் கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். "அத்த மட்டும் தப்பில்லாம சொல்லணும் தம்பி. இப்பவே வாய் கொளறுது" என்று சிரிப்பார். உலைக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்த்தவர் அவர்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஹைதராபாத்தில் ஒரு கஸ்டமருக்கு நாங்கள் அமைத்துக் கொடுத்த உலை நின்றுபோனது. மேனேஜர் பாயைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை திரும்பிடலாம், நான் கேரண்டி" என்றார். பாய் போனார், கூடவே கவரைப்பேட்டை வெல்டர் சேகரும். வியாழன் வந்தது, விடவில்லை. வெள்ளி வந்தது, இன்னும் ஒரே நாள் என்றார்கள். கேரண்டி கொடுத்த மனுஷன் போனில், "நீங்க இல்லாம முடியுமா பாய்?" என்று ஐஸ் வைத்தார். வெட்கங்கெட்ட பேச்சு.

வெள்ளிக்கிழமை மதியம் நான் படிவத்தை எடுத்தேன். சனிக்கிழமை சாயங்கால விமானத்தில் இடம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் மீனம்பாக்கம். விமானம் என்ற கட்டத்தில் டிக் அடித்து உள்ளே கொண்டுபோனேன். மேனேஜர் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, ஸ்லீப்பர் என்று எழுதினார்.

"சார், ஞாயித்துக்கிழமை காலைல அவரு பொண்ணுக்கு நிக்காஹ்."

"டிரெயின் எட்டு மணிக்கு சென்ட்ரல் வந்துடும். நிக்காஹ் பதினொண்ணுக்கு. அப்புறம் என்ன? இன்னிக்கு ஃபிட்டர் ஃப்ளைட்ல வந்தா நாளைக்கு வெல்டர் கேப்பான், நாளான்னிக்கு வாட்ச்மேன் கேப்பான். ரூல் எதுக்குப்பா இருக்கு?"

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை உலை எரிவதைப் பார்க்க அவரே ஹைதராபாத்துக்குப் பறந்தார். அதே சாயங்கால விமானத்தில் அவருக்குத் திரும்புகிற டிக்கெட்டையும் இந்தக் கையால்தான் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் உலை எரிந்ததும் பாய் பூத்திலிருந்து எனக்கு போன் செய்தார்.

"தம்பி, சேகரு பஸ்ஸுல வரான். நானும் அவனோட வந்துர்ட்டா? பைபாஸ்ல எறங்கினா ஒரே ஓட்டம், ஊட்டுக்குப் பூடலாம்."

நான் யார்? டைம்டேபிளு! "வேணாம் பாய். நெல்லூர் பக்கம் ரோடு போட்டுகினு கீறான், மாட்டிக்கினா பேஜாரு. டிரெயின்லயே வாங்க. அவுட்டர்ல எறங்கிக்கலாம்."

"கண்டிப்பா நிப்பானா?"

"நான் சொல்றேன்ல பாய்."

அந்த ஐந்து நொடிப் பெருமையை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. ஒரே சாயங்காலம், ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் கிளம்பினார்கள். ஒருவர் விமானத்தில், ஒருவர் பஸ்ஸில், ஒருவர் ரயிலில். மறுநாள் காலை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டியவர் அதில் ஒருவர்தான்.

ஞாயிறு காலை நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பழவேற்காடு போனேன். பாய் அதற்குள் குளித்து, அத்தர் பூசி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் அவர் தம்பி, "அண்ணன் இன்னும் வரலியே, உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். அப்போது மணி பத்து. மாப்பிள்ளை வந்தாயிற்று. நிக்காஹ் ஓதி வைக்க வந்த ஹஜ்ரத்துக்கு அடுத்து பொன்னேரியில் இன்னொரு நிக்காஹ். பதினொன்று அடித்தது. பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். உள்ளே பெண், "அத்தா வந்துட்டாரா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யார் முகத்தையும் பார்க்க முடியாமல்.

பதினொன்றே காலுக்குத் தம்பியின் செல்போன் அடித்தது. ரயிலில் யாரிடமோ போன் வாங்கிப் பேசுகிறார் பாய். வண்டி இரண்டு மணி நேரம் லேட். ஒன்பது மணிக்கு அவுட்டர் பச்சை. சர்ரென்று கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, பொன்னேரியைத் தாண்டிப் போய்விட்டது. அவ்வளவு வேகமாய்ப் போன வண்டி சென்ட்ரலுக்குக் கொஞ்சம் முன்னால் பேசின்பிரிட்ஜில் போய்ப் படுத்துக்கொண்டது. இதோ எடுத்துவிடுவான், இதோ எடுத்துவிடுவான் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்.

"அண்ணே, ஹஜ்ரத் போணுங்கறாரு, இன்னா பண்ணட்டும்?" என்றார் தம்பி. அந்தப் பக்கம் பாய் ஏதோ சொன்னார். தம்பி போனை ஹஜ்ரத்தின் காதில் வைத்தார். "உங்க தம்பி உங்க சார்பா கட்டிக் குடுக்கறதுக்கு சம்மதமா?" என்று ஹஜ்ரத் சத்தமாய்க் கேட்டார். பந்தலே அடங்கியிருந்தது. "சம்மதம்" என்று போனுக்குள்ளிருந்து வந்தது எனக்கே கேட்டது. மாப்பிள்ளை கையைத் தம்பி பிடித்தார். பாய் மனப்பாடம் செய்த வாக்கியத்தை அவர் சொன்னார்.

பாய் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் வண்டி ஏறிவிட்டார்கள். உலைக் கரி ஒட்டின சட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, "ஏன்த்தா, ஏன்த்தா" என்று அழுதாள். அவர் அவள் தலையில் கை வைக்கப் போய், கையில் கரி என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நீ சொன்ன மாதிரியே எளாவூர் தாண்டினதும் வாசப்படிக்கு வந்துட்டேன் தம்பி. செருப்பக் கையில எட்துகினு ரெடியா நின்னேன். நிக்கல" என்றார். பிறகு, "துன்னியா? மொதல்ல துன்னு" என்றார்.

சேகர் காலை ஏழு மணிக்கே பைபாஸில் இறங்கி, நாஷ்டா முடித்து, வீட்டில் ஒரு தூக்கமும் போட்டுவிட்டான். நெல்லூரில் ரோடு நன்றாகத்தான் இருந்ததாம்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கல்யாணம்லாம் நல்லா நடந்துதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சனிக்கிழமை ஃப்ளைட் பாதி காலிப்பா. பக்கத்துல ரெண்டு சீட்லயும் ஆளே இல்ல, நல்லாக் காலை நீட்டிட்டு வந்தேன்" என்றார். அந்த ஆள் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். சிவப்பு மை அடித்த அந்தப் படிவத்தை மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். நான், "சரிங்க சார்" என்றேன். அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்த 'சரிங்க சார்' மேல் அதைவிட ஒரு படி அதிகம்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. புகைபோக்கியை இறக்கிவிட்டு, கண்டெய்னர் அடுக்குகிற குடோன் போட்டிருக்கிறார்கள். கரி வாடை போயிற்று. கால அட்டவணைப் புத்தகம் போயிற்று. ரயிலா பஸ்ஸா விமானமா என்று இப்போது போனே வரிசையாய்க் காட்டுகிறது, யாருடைய கையெழுத்தும் வேண்டாம், என்னைப்போல் அரைகுறை மேதாவியும் வேண்டாம். பாய் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை அவர் விமானம் ஏறவில்லை. மகள் கல்யாண சிடியில், மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிற இடத்தில், அவர் தம்பியின் கைதான் இருக்கிறது.

போன மாதம் அந்தச் சிவப்பில் நின்றபோது எழுந்து போய் வாசற்படியில் நின்று பார்த்தேன். பெட்டி பெட்டியாய் எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதிக்க ஓர் ஆள் இல்லை. வண்டி அசையாமல் நின்றது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், இருபத்திரண்டு நிமிடம்.

பாய்க்கு அரை நிமிடம் போதுமாய் இருந்தது.