அவிழ்த்த கருப்புத் துணி

அந்த மண்டபத்துப் பக்கம் நான் இப்போது போவதில்லை. சொந்தத்தில் யாராவது பத்திரிகை வைத்து, அதில் அந்த இடத்தின் பெயர் இருந்துவிட்டால் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிடுவேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் தேனியில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தேன். அவர் புதிதாக ஒரு விளக்கு வாங்கி வந்தார். நீல வெளிச்சம் அடிக்கும். வாய்க்குள் காட்டி அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நல்ல சதை பச்சையாக ஒளிரும். கெட ஆரம்பித்த இடம் மட்டும் இருட்டாகத் தெரியும். புண்ணாக வெடிக்கும் முன்பே புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்றார். ஒரே நிபந்தனை, அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும்.

எனக்கு உடனே அக்கா ஞாபகம்தான் வந்தது. அவள் தினமும் கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள். அங்கே அடிக்கும் மழைக்கும் குளிருக்கும் புகையிலையை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் பொழுதை ஓட்டுவாள். கொஞ்ச நாளாக அந்தக் கன்னத்தில் காரம் பட்டால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் டாக்டரை நச்சரித்துக் கம்பத்தில் முகாம் போட வைத்தேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வா என்று அக்காவையும் நச்சரித்தேன்.

ஒரு கல்யாண மண்டபம் ஓசியில் கிடைத்தது. அதன் மூலையில் கருப்புத் துணியால் தடுப்புக் கட்டினேன். இரண்டு நாள் உட்கார்ந்து நானே தைத்த துணி. கட்டிவிட்டு ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் மண்டபத்துக்காரர் வந்துவிட்டார்.

"கருப்ப அவுத்துரு ஆத்தா. நாளைக்கு இங்கன முகூர்த்தம் இருக்கு. பொண்ணு வீட்டுக்காரக பாத்தாகன்னா என்ன நெனப்பாக?"

சாயங்காலம் அவிழ்த்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. டாக்டர் படித்தவர், எடுத்துச் சொல்வார் என்று நம்பினேன். அவர் குத்துவிளக்கு ஏற்ற வந்திருந்த பெரிய மனிதர்களை ஒரு பார்வை பார்த்தார். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னார். எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? வெளிச்சத்தையா, வியாதியையா? மனசுக்குள் திட்டிக்கொண்டே துணியை நானே அவிழ்த்தேன். அந்த இடத்தில் மணமேடைக்குக் கட்டும் மஞ்சள் துணியைக் கட்டினார்கள். பட்டப்பகல் அதற்குள் தாராளமாக வந்து போனது.

அக்கா முறை வந்தது. வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். அந்த வெளிச்சத்தில் எல்லா வாயும் ஒரே மாதிரி வெளிறித்தான் தெரிந்தது. டாக்டர் இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார். சீட்டு எழுதுவது என் வேலை. வாய் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். எரிச்சல் இருக்கிறதே டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வரிசை வாசல் வரை நின்றது. நான் கேட்கவில்லை.

மறுநாளே அக்கா பழையபடி புகையிலையை அதக்கிக்கொண்டு ஜீப் ஏறினாள். அதை விட்டுத் தொலை என்று நான் சொன்னபோதெல்லாம், நீங்களே பார்த்துச் சொல்லியாச்சே என்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் கன்னம் வீங்கி, வாயில் இரண்டு விரல் நுழைய இடமில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்த டாக்டர், முற்ற விட்டுவிட்டுத்தான் வருவீர்களா, இத்தனை நாள் எவரிடமும் காட்டத் தோன்றவில்லையா என்று சத்தம் போட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. மண்டபத்துக்காரர், எங்கள் டாக்டர், குத்துவிளக்கு ஏற்றியவர்கள், அத்தனை பேரையும் கிழிகிழியென்று கிழிக்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். புகையிலைப் பொட்டலத்தோடு சேர்த்து அந்தச் சீட்டை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"காட்டாம இருப்பேனா சார்? எந் தங்கச்சியே எழுதிக் குடுத்துருக்கா."

வாய் குழறினாலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் சீட்டைப் பிரித்துப் படித்தார். அதில் மண்டபத்துக்காரர் பெயர் இல்லை. எங்கள் டாக்டரின் கையெழுத்தும் இல்லை. என் எழுத்து மட்டும்தான் இருந்தது.