நாலு மணிக்கு விடிந்த வீடு

காலை ஐந்து மணிக்கு முன்னால் வாசலில் யாராவது கூப்பிட்டால் என்ன நினைப்பீர்கள்? யாராவது மௌத்தாகிவிட்ட, இறந்துவிட்ட செய்தி... இல்லையென்றால் ஆஸ்பத்திரி. நானும் அப்படித்தான் நினைத்துப் பதறிக்கொண்டு எழும்பினேன்.

கதவைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. அது ஏற்கெனவே திறந்து கிடந்தது. வாசலில், இரண்டு வீடு தள்ளியிருக்கிற அந்தோணி அண்ணன். கடலுக்குப் போகிற உடுப்பு, கையில் டோர்ச் லைட். அவருடைய தோளில் — என் மகள் அம்னா. மூன்று வயது.

"நங்கி, இந்தா உங்கட பபா. எங்கட போட்டுக்குப் பக்கத்துல தனிய நின்டுச்சி. லைட் அடிச்சிப் பாத்தா, மீனெல்லாம் எழும்பிட்டா என்டு என்னட்ட கேக்குது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மகளைக் கையில் வாங்கியபோது அவளுடைய சட்டையின் ஓரம் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கடல் தண்ணீர்.

இது நடந்து மூன்று மாதமாகிறது. எழுதுகிற தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். அம்னா வழக்கம்போல நாலு மணிக்கு எழும்பினாள். நானும் வழக்கம்போல அவளை முன் அறைக்குக் கொண்டுவந்து, லைட்டைப் போட்டு, பிஸ்கட்டும் விளையாட்டுச் சாமானும் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணை ஒரு நிமிடம் மூடினேன். அந்த ஒரு நிமிடம் அரை மணித்தியாலமாகிவிட்டது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்து, வாப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். எங்கள் ஊர் கண்டக்குழி; வீட்டிலிருந்து கடல், கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

அன்று பின்னேரமே கணவர் கதவின் உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள் பொருத்தினார். கதவுப் பிரச்சினை முடிந்தது. நித்திரைப் பிரச்சினை?

அதற்கு நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. பிள்ளை வெள்ளெனவே எழும்புகிறதா... அப்படியென்றால் பிந்திப் படுக்க வைக்க வேண்டும். கேட்ட எல்லோரும் சொன்னது இதைத்தான். எங்களுக்கும் நியாயமாகப் பட்டது. பத்து மணிக்குப் படுத்தவளைப் பத்தரை வரை விளையாட வைத்தோம். மறுநாள் அவள் மூன்றே முக்காலுக்கு எழும்பினாள்! பதினொரு மணி வரை இழுத்தோம். அன்றும் அதே மூன்றே முக்கால்.

"சுபஹுக்கு முந்தி எழும்புற புள்ள. குடுத்து வெச்சனீங்க" என்று ஒருவர் வாழ்த்தினார். நான் என்ன சொல்வது? சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பிக்கிறவள் நான். அவள் எழும்பிச் செய்வதெல்லாம் சிணுங்குவது. ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள், எழுதிய சொல்லையே மூன்று தரம் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளும் ஒழுங்காக மூன்று தரம் பார்த்து எழுதியிருந்தார்கள்.

கடல் தண்ணீரை முகர்ந்த அந்த வாரமே கிளினிக்குக்குப் போனேன். எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் அதிகம் கதைக்காதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலமை எழும்பேக்க மகள் சிரிச்சுக்கொண்டு எழும்புறாவா, அழுதுகொண்டு எழும்புறாவா?"

"அழுகைதான் மிஸ்."

"அப்ப அவவுக்கு நித்திரை காணாது, இன்னும் வேணும். பகல்ல எத்தின மணிக்குப் படுக்கிறவ?"

"மூண்டரைக்கு. அஞ்சரை வரைக்கும்."

"ஏன் அவ்வளவு பிந்தி?"

மிஸ்ஸிடம் சொன்ன உண்மையை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து, சமைத்ததைச் சூடாக்கிச் சாப்பிட்டு முடிய மூன்றரை ஆகிவிடும். எனக்கும் படுக்க வேண்டும். அவளையும் பக்கத்தில் போட்டுக்கொள்வேன். அது அவளுடைய நித்திரை நேரமில்லை, என்னுடையது.

மிஸ் சிரிக்கவில்லை. "பிள்ளையைக் களைக்கப் பண்ணினா நல்லாப் படுக்கும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறவை. அளவுக்கு மிஞ்சிக் களைச்ச பிள்ளைக்கு நித்திரை நிலைக்காது. பகல் நித்திரையை மத்தியானத்துக்குக் கொண்டாங்க. இரவைக்கு ஏழரைக்குப் படுக்க வையுங்க. ஒரே நாள்ல மாத்தாதீங்க. ரெண்டு நாளுக்கு ஒருக்கா கால் மணித்தியாலம் முன்னுக்கு. மற்றது... நாலு மணிக்கு ஏன் பிஸ்கட் குடுக்கிறீங்க? நீங்க கடை திறந்து வெச்சா அவ வருவாதானே?"

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையில் ஒரு வழி கிடைத்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஏழரை... இது என்ன பெரிய வேலை?

பெரிய வேலைதான். அது தெரிய ஒன்பது மணியானது. கணவர் வேலை முடிந்து வந்த நேரம்.

அவர் இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார். கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சமையல். பதினொரு மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டே முக்கால், ஒன்பது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்னா வாசலுக்கு ஓடுவாள். அவருடைய சோற்றுக் கோப்பையிலிருந்துதான் சாப்பிடுவாள். பிறகு முதுகில் ஏறிச் சவாரி. வாரத்தில் ஆறு நாளும் அவருக்குக் கிடைக்கிற மகள் அந்த ஒரு மணித்தியாலம்தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எப்பதான் எண்ட புள்ளையப் பாக்குற?"

நான் கறிச் சட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் வரக்குள்ள படுத்திருப்பா. நான் என்ன, இந்த வீட்டுக்கு வாடகைக்கு இருக்க வந்தவனா?"

"அதுக்கு நான் என்ன செய்யிற? அண்டைக்கு அந்தோணி அண்ணன் ஒரு பத்து நிமிஷம் பிந்திக் கடலுக்குப் போயிருந்தா...?"

வசனத்தை நான் முடிக்கவில்லை. அவரும் சாப்பாட்டை முடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, முன் அறையில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "சரி. ஒரு மாசம் பாப்பம்."

ஆரம்பித்தோம். பகலில் அம்னாவை வைத்திருப்பவர் பக்கத்து வீட்டிலிருக்கிற என் மூத்த சகோதரி, ராத்தா. பன்னிரண்டரைக்குச் சோறு கொடுத்துப் படுக்க வைக்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். நான் என் பின்னேர நித்திரையைத் தியாகம் செய்தேன். (கைதட்ட வேண்டாம்.) பொழுது பட்டு மஃரிப் தொழுத பிறகு டீவி இல்லை, போன் இல்லை. குளிப்பு, சாப்பாடு, ஒரு கதை. ஒன்பதே முக்கால், ஒன்பதரை, ஒன்பதே கால்... கால் கால் மணித்தியாலமாக இறங்கினோம்.

முதல் வாரம் மோசம். நாலு மணிக்கு எழும்பி பிஸ்கட் கேட்டாள். லைட் போடவில்லை. "இன்னும் இரவு மகள், படுங்க" என்று இருட்டிலேயே சொல்லிக்கொண்டு பக்கத்தில் கிடந்தேன். அவள் அழுதாள். இரண்டு நாள் நானும் சேர்ந்து அழுதேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

படுக்கிற நேரம் எட்டரைக்கு வந்தபோதுதான் அடுத்த சிக்கல். அவள் கண் செருகுகிற அதே நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம்! துள்ளி எழும்பி, "வாப்பா!" என்று ஓட்டம். அதற்குப் பிறகு நித்திரையாவது ஒன்றாவது. இரண்டு நாள் இப்படிப் போனது.

மூன்றாம் நாள் ஒன்பது மணியாகியும் சத்தம் வரவில்லை. அம்னா தூங்கிவிட்டாள். இவரை இன்னும் காணவில்லையே என்று வெளியே எட்டிப் பார்த்தேன். மணலுக்குள்ளால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். சேர்ட் முழுக்க வியர்வை.

"பெற்றோல் முடிஞ்சா?"

"இல்ல. சந்தியிலேயே இஞ்சினை நிப்பாட்டிட்டன்." குரலை இறக்கிக் கேட்டார்: "படுத்திட்டாவா?"

படுத்துவிட்டாள் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சந்தியிலிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்தார். அறை வாசலில் நின்று பார்ப்பார். பிறகு தனியாகச் சாப்பிடுவார். எனக்கு அது அழுகையை விடக் கஷ்டமாக இருந்தது.

ஏழரைக்கு வந்து சேர்ந்து நாலாம் நாள், அம்னா ஐந்தே காலுக்கு எழும்பினாள். அடுத்த வாரம் ஐந்தே முக்கால். பிறகு ஒரு நாள்... ஆறு மணி தாண்டியும் சத்தமில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான் என்ன செய்தேன்? பயந்துபோய் அவளுடைய மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வந்துகொண்டிருந்தது. ஆறே காலுக்குக் கண் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு எழும்பினாள்!

அன்று இன்னொன்றும் நடந்தது. கணவரும் சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பப் படுக்கவில்லை. முன்பெல்லாம் அவளுடைய நாலு மணிக் கூத்தில் அவருக்கும் நித்திரை கெட்டுவிடும். சுபஹுக்குப் பிறகு படுத்தால் பத்து மணி வரை எழும்பமாட்டார். நான் ஏழு மணிக்கே மகளை ராத்தாவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். இப்போது முழு இரவும் தூங்கிய மனுஷன் புதுசாக நிற்கிறார்.

"நீ போ. புள்ள என்னோட நிக்கட்டும். நான் வேலைக்குப் போகக்குள்ள ராத்தாட்ட விடுறன்" என்றார்.

நம்பிக்கையில்லாமல்தான் போனேன். பின்னேரம் வந்தபோது ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, புள்ளைட தலையப் பாருங்க." ஒரு குடுமி காதுக்கு மேலே, மற்றது பிடரியில். வாப்பா கட்டியதாம். அவிழ்க்க விடமாட்டாளாம். இரண்டு பேரும் சேர்ந்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள், கோழிக்குத் தீன் போட்டிருக்கிறார்கள், கடைக்குப் போய்ப் பாண் வாங்கியிருக்கிறார்கள். காலையில் நாலு மணித்தியாலம்! இரவில் அவர் விட்டுக்கொடுத்தது ஒரு மணித்தியாலம்தானே?

இப்போது எனக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகளின் நித்திரை நேரத்தை முடிவு செய்வது நம்முடைய வேலை நேரமும் நம்முடைய களைப்பும் நம்முடைய ஆசையும்தான். பிறகு பிள்ளை வெள்ளெனவே எழும்புகிறது என்று பிள்ளையின் மேல் குற்றம் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் நாலு மணிக்கு விடிகிறதா? படுக்கிற நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

ஒரே ஒரு பக்கவிளைவு உண்டு. ஏழரைக்கு மகளைப் படுக்க வைக்கப் போகிற நானும் அப்படியே அங்கேயே தூங்கிவிடுகிறேன் — நான் எழுதுகிற இந்த வாரப் பத்தி, பத்திரிகை ஆசிரியருக்கு இரண்டு நாள் பிந்திப் போனதும் அதனால்தான்.