நெட் இல்லாமலே ஏறிய தங்கம்

போன ஆவணியில் கீரமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. நான் கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய், மொபைல் ஆப்களைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். ஓர் ஆப் எங்கெங்கே தவறக்கூடும் என்று முதலில் பட்டியல் போட்டுக்கொண்டு, அதன்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் என் தொழில்.

அத்தைக்கு மல்லிகைத் தோட்டம். மகளுக்குத் தையில் கல்யாணம். அதற்கென்று வைத்திருந்த நாலு பவுன் சங்கிலியைத் துணியில் முடிந்து கைப்பையில் வைத்திருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம். நகையைக் கொடுத்தால் எடை போட்டு, அதே எடைக்கு 'டிஜிட்டல் தங்கக் காசு' என்று போனில் ஏற்றித் தருவார்களாம். தைக்குள் நாலு பவுன் ஆறு பவுனாகிவிடுமாம். ஆள் சேர்த்துவிட்டால் தனிக் காசு. அதற்கான ஆப்பை முன்பே எல்லார் போனிலும் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

வேண்டாம் என்றேன்.

"ஏத்தா, நீயும் மாசாமாசம் போன்லதான தங்கம் வாங்குற? நீ வாங்குனா தங்கம், நான் வாங்குனா பித்தளையா?"

நியாயமான கேள்வி. நானும் வாங்குகிறேன்தான். ஆனால் என் ஆப்பில் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை அதைவிடக் குறைவு. ஜிஎஸ்டி பிடிப்பார்கள். சில மாதம் போட்ட பணத்துக்குக் கீழேயே கிடக்கும். கேட்டால் நாணயமாக வீட்டுக்கு வரும். ஒருமுறை அப்படி வரவழைத்து, புதுக்கோட்டையில் ஒரு நகைக்கடையில் உரசிப் பார்த்த பிறகுதான் தொடர்ந்து வாங்கினேன். இதையெல்லாம் விரல் மடக்கிச் சொன்னேன்.

"ஒன் ஆப்புல வரி புடிக்கிறான், வெலையும் எறங்குது. என் ஆப்புல ரெண்டும் இல்ல. அப்ப எதுடி நல்ல ஆப்பு?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா சிரித்துவிட்டார்.

அத்தையின் போனை வாங்கிப் பார்த்தேன். சீரியல் பார்த்தே நெட்டைத் தீர்த்திருந்தார். எந்த வீடியோவும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் தங்கக் காசின் விலை மட்டும் பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கு ஏரோபிளேன் மோடில் போட்டேன். அப்போதும் ஏறியது. என் போனையும் அதே மாதிரி செய்து பக்கத்தில் வைத்தேன். என் ஆப், இணைப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

"நெட்டே இல்லாம ஓடுதுன்னா எம்புட்டு நல்ல ஆப்பு பாரு" என்றார் அத்தை.

என் ஆபீஸ் பாஷை இங்கே எடுபடாது என்று புரிந்தது. கொஞ்சம் யோசித்துக் கேட்டேன்.

"அத்தை, இன்னைக்கு மல்லி என்ன விலை?"

"இரு, மண்டிக்குப் போன் போட்டுக் கேக்குறேன்."

"போன் போடாம சொல்லுங்க."

"அதெப்படி? காலைல ஒரு வெலை, மத்தியானம் ஒரு வெலை. கேட்டாத்தான தெரியும்."

"இந்த போன் இப்ப யார்கிட்டயும் பேச முடியாது. அப்ப இந்த விலையை அது யார்கிட்ட கேட்டுச்சு?"

அத்தை திரையையே பார்த்தார். விலை ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கெளம்பு, மண்டபத்துக்கு."

"இனிமே எதுக்கு அத்தை?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரிக எல்லாம் முடிச்சோட ஒக்காந்திருப்பாளுகளே."

மண்டபத்து மேடையில் தராசு வைத்து எடை போட ஆரம்பித்திருந்தார்கள். கோட் போட்ட ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அத்தை நேராக முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எல்லாரும் போன்ல நெட்டை அமத்துங்க. அமத்திட்டு வெலையப் பாருங்க."

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு யாரோ, "ஏறுதுக்கா" என்றார்கள். "எனக்கும் ஏறுது."

"மண்டிக்குக் கேக்காம பூவுக்கு வெலை சொல்றவன்கிட்ட நாம குடுப்பமா? சார், ஒங்க தங்கம் யார்கிட்ட வெலை கேக்குது?"

"அது சர்வர்ல முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கும்மா" என்றார் அவர்.

நான் எழுந்தேன். "நாளைக்கு விலை இன்னைக்கே தெரிஞ்சா, நீங்க கடன் வாங்கியாவது தங்கம் வாங்கியிருக்கலாமே சார். எங்க சங்கிலி எதுக்கு?"

"அதானே, சாரு கழுத்துல ஒண்ணத்தையும் காணோம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் ஆட்டம் முடிந்தது. கோட்காரர் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு நகர்ந்தார். வாசலில் பூ ஏற்றும் வண்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "எங்க சார், இருந்து சொல்லிட்டுப் போங்க" என்று மரியாதையாகவே திருப்பி அழைத்து வந்தார்கள்.

நான் போலீஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் பெண்கள் மேடையேறி, அவரவர் முடிச்சை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். முன்பே ஆன்லைனில் பணம் கட்டியிருந்த சிலரைச் சைபர் கிரைமில் புகார் கொடுக்க வைத்தோம். அந்தப் பணம் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் அன்று ஒரு குண்டுமணி தங்கம்கூட மண்டபத்தைத் தாண்டிப் போகவில்லை. தையில் அத்தை மகள் அந்தச் சங்கிலியோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள்.

இப்போது அத்தையும் என் ஆப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார். விலை இறங்கும் நாளில் தவறாமல் போன் வரும். "இன்னைக்கு எறங்கிருச்சுத்தா. அப்ப இது நெசந்தான்" என்பார், நிம்மதியாக. ஆபீஸில் எந்தப் புது ஆப்பைக் கையில் எடுத்தாலும், பட்டியலின் முதல் வரியாக அத்தை அன்று மண்டபத்தில் கேட்ட 'இது யார்கிட்ட கேக்குது?' என்ற கேள்வியைத்தான் எழுதிக்கொள்கிறேன்; அதற்குப் பதில் கிடைக்காத எதையும் அதன் பிறகு நான் நம்பியதில்லை.