சிபாரிசுக் கடிதத்தில் எழுதாதது

போன வாரம் ஒரு மாணவி வந்து என் மேஜை முன்னால் நின்றாள். வெளிநாட்டில் படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாளாம். "சார், உங்க மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். கட்டத்துல டிக் பண்ணா போதும் சார், அஞ்சு நிமிஷ வேலைதான்" என்றாள். கவர் வேண்டாமா என்று கேட்டேன். எந்தக் கவர் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் போன பிறகு டிராயரை இழுத்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன கோந்து பாட்டில், அடியில் தேன் நிறத்தில் காய்ந்து கிடந்தது. மூடியைத் திறந்ததும் அந்தப் புளிச்ச வாசனை வந்தது.

அந்த வாசனை எனக்கு ஸ்ரீரங்கத்து மாடியறையின் வாசனை. எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம். இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் உதவித்தொகை. நாடு முழுக்கச் சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்களுக்குத்தான் கிடைக்கும். பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அது கிடைத்தால்தான் மேலே படிப்பு, இல்லாவிட்டால் ஏதாவது வேலை என்பது எனக்குள் முடிவாகியிருந்தது. மற்ற தாள்களெல்லாம் தயார். பேராசிரியர் தரும் சிபாரிசுக் கடிதம்தான் பாக்கி. அதைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

துறைத் தலைவர் நல்ல மனிதர், வேலைதான் அதிகம். "நீயே எழுதி எடுத்துட்டு வாப்பா. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். எல்லா மாணவர்களுக்கும் அவர் செய்கிற உதவி அது. எனக்கு மட்டும் அது தண்டனையாகிப் போனது. இவன் நல்லவன், கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது? நீங்களே சொல்லுங்கள்.

அறைத்தோழன் வேல்முருகன் லீவுக்குப் புதுக்கோட்டை போய்விட்டான். வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் வெளியூர் ஜனம், மைக் சத்தம், கட்டைப்பை. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை என்பது மாடியில் நின்று பார்க்கும்போதுதான் உறைத்தது. கீழே இறங்கினால், ஒரு குடும்பம் கோபுரத்துக்கு எதிரே நின்றுகொண்டு, "தம்பி, எங்கள ஒரு போட்டோ எடுங்க" என்றது. எடுத்தேன். "நல்லா இருப்பீங்க" என்றார் அந்த அம்மா. இரண்டு நாளில் என்னிடம் பேசிய ஒரே ஆள். அதையே கடிதத்தில் எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் அம்மாவைக் கேட்டேன். அப்போது எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றால்தான் சிக்னல். சித்தப்பாவின் போனை வாங்கிக்கொண்டு அம்மா அங்கே வருவாள்.

"அம்மா, என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லு."

"ஏன், எங்கயாச்சும் பொண்ணு பாத்திருக்காங்களா?"

"இல்லம்மா, படிப்புக்கு. சாரு என்னையே எழுதச் சொல்லிட்டாரு."

"அவரு வாத்தியாருதானே? அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?"

"சொல்லும்மா."

"பெத்தவ வாயால சொல்லக் கூடாதுடா. கண்ணு பட்டுரும். இங்க ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையை யாராவது விசாரித்தால், "என்னத்தப் படிக்கிறான், ஊரச் சுத்துறான்" என்றுதான் பதில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் நான் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியபோதுகூட, "ஏதோ வாங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டவள். அப்பாவைக் கேட்கலாமென்றால், போனில் அவருக்கு 'ம்' என்கிற ஒரே எழுத்துதான் உண்டு.

நான் விடவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. தொட்டியடிப் பெண்களின் பேச்சு தேய்ந்தது. அம்மா தள்ளிப் போகிறாள் என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, ஏதோ திருட்டுச் சங்கதி போல, "நீ மரவள்ளி புடுங்குனா கெழங்கு ஒடையாது சாமி. உங்கப்பா புடுங்குனாக்கூட ஒடையும். நீ அவசரப்பட மாட்ட" என்றாள். பிறகு, "இன்னொண்ணு..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். தள்ளிப் போனதில் சிக்னல் அறுந்துவிட்டது. கரகரவென்ற சத்தத்துக்குள் அவள் சொல்லிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். தொட்டியடிக்கு வந்துவிட்டிருந்தாள். "என்னம்மா சொன்ன? கேக்கல."

"ஒண்ணுமில்ல. நேரத்துக்குச் சாப்புடு." சுற்றிலும் குடம் வைக்கிற சத்தம்.

மரவள்ளிக் கிழங்கை இங்கிலாந்துக்காரனுக்கு எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது எனக்கு. மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சிரித்தார். "சிபாரிசு லெட்டரா? ரெடியா இருக்கு தம்பி. பேர மட்டும் மாத்திக்கலாம். பத்துப் பேருக்கு இதத்தான் போட்டுக் குடுத்தேன்."

"அவங்களுக்குக் கெடச்சுதாண்ணே?"

"ஒருத்தரும் திரும்பி வரல. கெடச்சிருக்கும்."

இவன் கடின உழைப்பாளி, நேர்மையானவன், கீழ்ப்படிதல் உள்ளவன் என்று இருந்தது. 'ஆள் தேவை' விளம்பரத்தில் வருகிற வேலைக்காரன் போல இருந்தாலும், என் பெயருக்குக் கீழே அதைப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்? துறைத் தலைவர் படிக்காமலேயே கையெழுத்திட்டார். மாடியறையில் உட்கார்ந்து கோந்து தடவி, கவரை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். மறுநாள் ஒட்டிய இடத்தின் மேலும் அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

மார்க்கைப் பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில், திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த பெண்மணி அன்பாகத்தான் கேட்டார்: "கடின உழைப்பாளி என்று உங்கள் பேராசிரியர் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் எழுதாத ஒன்றைச் சொல்லுங்களேன்."

கிழங்கு தொண்டை வரை வந்தது. மண்ணை விரலால் இளக்கி, தண்டை ஆட்டி ஆட்டி, வேர் தானாக விடுகிறவரை காத்திருப்பது என் கைக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்து, "நான் வகுப்புக்குச் சரியான நேரத்துக்கு வருவேன்" என்றேன். அவர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில், வருந்துகிறோம் என்று மெயில் வந்தது.

அந்த பிரவுசிங் சென்டர் இப்போது செல்போன் கவர் விற்கிற கடை. மாடியறையில் யாரோ இருக்கிறார்கள்.

மாணவியின் லிங்கைத் திறந்தால், இவள் மிகச் சிறந்தவளா, சிறந்தவளா, பரவாயில்லையா என்று கட்டங்கள். டிக் செய்யாமல் வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அன்னிக்குத் தொட்டிகிட்ட நின்னு, இன்னொண்ணுன்னு ஆரம்பிச்சியே. கட் ஆயிருச்சே. அது என்னம்மா?"

"என்னிக்கு?"

"நான் ஸ்ரீரங்கத்துல இருந்தப்ப. கெழங்கு ஒடையாதுன்னு சொன்னியே."

"நான் எங்கடா உன்னப் பத்தி அப்படிச் சொன்னேன்? பெத்தவ பண்ற வேலையா அது? சாப்ட்டியா?"

ஊருக்கு டவர் வந்து நாளாயிற்று. தொட்டியடிக்கு இப்போது யாரும் போனை எடுத்துக்கொண்டு போவதில்லை. அம்மா அடுப்படியில் நின்றே பேசுகிறாள். தாளிக்கிற சத்தம், டி.வி. சத்தம், அப்பா இருமுவது எல்லாம் கேட்கிறது. ஒரு சொல்கூட விட்டுப்போவதில்லை.