கத்தரி வேரில் இருந்த முடிச்சு

விவசாயப் போதனாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், செட்டிகுளத்துக்கு உள்ளே ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் பரிசோதனை மண் எடுக்கப் போனேன். தோட்டக்காரி மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து அக்கா. அவருடைய செடிகள் மத்தியானம் துவண்டு விழும், பின்னேரம் நிமிரும், மறுநாள் இன்னும் கொஞ்சம் மஞ்சளிக்கும்.

"நோயெல்லாம் இல்ல மிஸ். பக்கத்துத் தோட்டக்காரர் புல்லுக்கு அடிச்ச மருந்து காத்துல வந்து விழுந்திருச்சு" என்றார்.

அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த ஐயா. வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பிள்ளை, அவாவிட்டைச் சொல்லுங்கோ, நான் மருந்தடிச்ச அண்டைக்குக் காத்து மற்றப் பக்கம் வீசினது."

"எந்தப் பக்கம் வீசிச்சுன்னு எனக்கும் தெரியும்னு அவர்கிட்ட சொல்லுங்க மிஸ்."

இருவருக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. ஆனாலும் ஒரு மாதமாகப் பேச்சு இல்லையாம்.

எனக்கோ வட்டப்புழு மேல்தான் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத புழு. வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைத்துவிடும். செத்த செடியின் அடியில் அதைத் தேடிப் பயனில்லை, சாப்பாடு முடிந்ததும் இடம் மாறிவிடும். பாதி வாடிய செடியாகப் பார்த்துப் பிடித்தேன். அதில் மூன்று காய் தொங்கின.

"ஐயோ மிஸ், அது காய்க்குது!"

"ஓம் அக்கா, இதுதான் வேணும்."

அக்கா கண்களை மூடிக்கொண்டார். பிடுங்கினேன். வேர் முழுக்கப் பயறு கோர்த்தது மாதிரிப் புடைப்புகள்.

பிறகு தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து நடந்து, இருபது செடிகளின் அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, வாளியில் கலந்து, பையில் கட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல செடியின் மண்ணும் வேண்டும். அக்காவிடம் அப்படி ஒரு மூலையும் இல்லை. வேலிப் பக்கம் திரும்பினேன்.

ஐயா அதற்காகவே காத்திருந்தவர்போலச் சாரத்தை மடித்துக் கட்டினார். "வாங்கோ பிள்ளை, என்ரை மண்ணைப் பாருங்கோ. தங்கம்!" நான் தடுப்பதற்குள் தன் தோட்டத்திலேயே கொழுத்த செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி உயர்த்திப் பிடித்தார்.

அதே முடிச்சுகள். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அக்கா, முதல் தடவையாக நேரே அவரிடமே கேட்டார்: "அண்ணே, உங்களுக்குமா?"

"ஓம் தங்கச்சி, எனக்குந்தான்."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அக்கா. உத்தியோகத்தில் இருப்பவள் சிரிக்கக் கூடாதென்று நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

விசாரித்தால், இரண்டு தோட்டத்தையும் உழுதது ஒரே கை உழவு இயந்திரம். அதில் ஒட்டிய மண்ணோடு புழு வந்திருக்கலாம் என்றேன். எந்தத் தோட்டத்தை முதலில் உழுதது என்று உடனே அடுத்த தர்க்கம் தொடங்கியது. இந்த முறை நடுவில் நான் தேவைப்படவில்லை.

மண் பையில் வெயில் பட்டால் புழு செத்துவிடும், பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அக்கா ஈரச்சாக்கில் சுற்றித் தந்தார். பஸ்ஸில் நடத்துனர் சாக்கைப் பார்த்து, "என்ன தங்கச்சி, மீனோ?" என்றார்.

"இல்லை அண்ணை, உயிரோடை புழு."

வவுனியா வரைக்கும் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

பரிசோதனை முடிவு நான் நினைத்தபடியே வந்தது. வேர்களைக் கிண்டி எரிக்கச் சொன்னேன். அடுத்த போகம் கத்தரியும் தக்காளியும் வேண்டாம், இந்தப் புழுவுக்கு ஆகாத எள்ளும் துலுக்கச் செவ்வந்தியும் போடச் சொன்னேன். பூவைக் கோயிலுக்குப் பறிக்கலாமா என்று இருவரும் தனித்தனியாகத் தொலைபேசியில் கேட்டார்கள். பறிக்கலாம், செடியை மட்டும் பிறகு மண்ணோடு உழுதுவிடுங்கள் என்றேன்.

மாசியில் ஒரு காலை அங்கே போனபோது வேலியின் இரு பக்கமும் ஒரே மஞ்சள். ஐயாவின் வரிசையில் இருவருமாகப் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஓயாத கதையில், நான் வந்து நின்றதையே அவர்கள் கவனிக்கவில்லை.