டயட் டப்பாவும் கருவாட்டுக் குழம்பும்

எடை குறைஞ்சாத்தான் முட்டி ஆபரேஷன்னு எங்க வீட்டுக்காரககிட்ட டாக்டர் சொல்லிட்டாரு. அதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேத்தி ஆர்டர் போட்ட டயட் டப்பா சாப்பாடுதான். அடுப்பு பத்தவைக்காம எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல.

இன்னைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு முத்துமாரி கிண்ணம் நிறைய கருவாட்டுக் குழம்போட வந்துட்டா.

"தாளிக்கிற வாசமே வரலையே அக்கா. அண்ணன்கூடச் சண்டையா?"

என் குழம்பைக் கேட்டு வாங்கிட்டுப் போற தெரு இது.

இவுக டப்பாவை மூடிட்டுக் கிண்ணத்தையே பாக்காக. "ஒரு சொட்டு தொட்டுக்கிடட்டுமா?"

"முட்டி வேணுமா, குழம்பு வேணுமா?"ன்னேன். மறுபடியும் டப்பாவைத் தொறந்துட்டாக.

குழம்பைச் சட்டியில மாத்தினேன். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. வேற ஒண்ணும் இல்லாம, என் பங்கு டயட் கிச்சடியை அதுல கொட்டிக் குடுத்தனுப்பிட்டேன்.

இப்ப எனக்குச் சாப்பிட இந்தக் குழம்பு மட்டுந்தான் இருக்கு. இவுக எந்திரிக்கிற மாதிரியும் தெரியல. நான் எங்கன போய் உக்காந்து சாப்பிட, நீங்களே சொல்லுங்க.